ஒட்டகத்தின் கணக்கும் நம் கணக்கும்

ஒட்டகம் தன் திமிலில் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது என்று சிறு வயதில் நம்மில் பலர் கேட்டிருப்போம். அது சரியல்ல. திமிலில் இருப்பது கொழுப்பு. பிறகு தண்ணீர் இல்லாமல் பாலைவனத்தில் அது எப்படி நாட்களைக் கழிக்கிறது? இதை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் உடல் எப்போதும் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் வியர்வை சுரந்து, அது ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். ஆனால் கடும் வெயிலில் உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீர் செலவாகும்.

1950களில் க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி சஹாராவில் ஒட்டகங்களை ஆராய்ந்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரி. மாலையில் 40 டிகிரிக்கு மேல். 500 கிலோ எடையுள்ள உடல் 6 டிகிரி சூடேற ஏறக்குறைய 2,400 கிலோ கலோரி வேண்டும். அவ்வளவு வெப்பத்தையும் வியர்த்து வெளியேற்றினால் நான்கு லிட்டருக்கு மேல் தண்ணீர் போயிருக்கும். ஒட்டகமோ அந்த வெப்பக் கடனை இரவுக் குளிரில் செலவில்லாமல் அடைத்துவிடுகிறது.

மூச்சிலும் சிக்கனம்தான். பழைய நீராவி எஞ்சின் நீராவியைப் புகைபோக்கி வழியே வீணாக்கும். ஒட்டகத்தின் மூக்கு, இரவில் வெளிவிடும் மூச்சைக் குளிரவைத்து ஈரத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. உடல் எடையில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீரை இழந்தும் அது பிழைத்திருக்கும். பின்பு பத்தே நிமிடத்தில் நூறு லிட்டர் குடித்துவிடும்.

மரம் செடிகளுக்கும் தனி வழிகள் உண்டு. சப்பாத்திக்கள்ளி தன் நுண்துளைகளைப் பகலில் மூடி, இரவில் திறக்கிறது. ராஜஸ்தானில் கேஜ்ரி எனப்படும் நம் வன்னி மரம், ஆழத்தில் வேர்விட்டு ஈரத்தை எடுத்து, கோடையிலும் தளிர்க்கிறது.

அப்படி ஒரு வன்னி நிழலில்தான் 1988 மே மாதம் ஒரு கேங்மேனைத் தூக்கிவந்து கிடத்தினோம். ஜோத்பூர்–ஜெய்சல்மேர் பாதையில் நான் அப்போது இளம் இன்ஸ்பெக்டர். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னபோது, "ஒட்டகம் ஒரு வாரம் தாங்குகிறது, நீ ஒரு மணி நேரம் தாங்கமாட்டாயா?" என்றேன். சற்று நேரத்தில் அவர் சாய்ந்தார். உடம்பு கொதித்தது, வியர்வை நின்றுபோயிருந்தது. ஈரத்துணி சுற்றி, விசிறிக்கொண்டே தள்ளுடிராலியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் என் டிராலியில் மண்பானை ஏறியது. வேலை விடியுமுன் தொடங்கியது.

தண்ணீரைக் குறைத்துக் குடித்துப் பழகினால் உடம்பு தாங்கும் என்று இன்றும் சிலர் சொல்வதைக் கேட்கிறேன். வெயிலில் உழைத்து நம் உடல் பழகுவது இன்னும் அதிகமாக வியர்க்கத்தான். ஒட்டகத்தின் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு. உங்கள் வீட்டு வாசலில் வெயிலில் வேலை செய்பவர் யாராயினும், அவர் கேட்குமுன் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள்.