வைக்கோல் போரிலிருந்து தொடங்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வில் சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். எந்தப் புல்லை ஆராயலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் காவிரி டெல்டாவின் மாடு எந்த மாதத்தில் எதைத் தின்கிறது என்று பார்.

இங்கே தீவனத் தட்டுப்பாடு கோடையில் மட்டும் வருவதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, குறுவையும் சம்பாவும் தாளடியும் வயலை நிறைத்துவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைதான். ஆனால் அதில் மாடு வாய் வைக்க முடியாது. அதற்கு மிஞ்சுவது வரப்பும் வாய்க்கால் கரையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதுவும் போய், கட்டுத்தறியில் வைக்கோலே கதி. தையில் சம்பா அறுத்தாலும், பயிர் நிற்கும்போதே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் தரையில் இருக்கும். அவற்றை எடுத்த பிறகுதான் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நாள் மேய்ச்சலுக்கும் ராமநாதபுரத்திலிருந்து ஆடு ஓட்டி வரும் கீதாரிகளின் கிடை பங்குக்கு வந்துவிடும்.

ஆகவே உன் ஆய்வுக்கு அடிப்படை வைக்கோல்தான். அதில் புரதம் 3 முதல் 4 சதவீதம். வைக்கோலை மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள்தான் நாரை உடைக்கின்றன. அவை சரியாக வேலை செய்யத் தீவனத்தில் ஏறத்தாழ 7 சதவீதப் புரதமாவது வேண்டும். புரதத்திலிருந்து கிடைக்கும் தழைச்சத்துக் குறைந்தால் செரிமானம் மந்தமாகும். வயிறு காலியாகத் தாமதமாகும். மாடு மேலும் தின்னாது. வயிறு நிறைந்திருந்தும் மாடு மெலிவது இப்படித்தான். போதாக்குறைக்கு வைக்கோலில் சிலிக்கா அதிகம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

1980களில் ஆனந்தில் இருக்கும் தேசிய பால்வள வாரியத்தோடு ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரான் லெங் சேர்ந்து செய்த வேலையை அவசியம் படி. புதுத் தீவனம் ஒன்றைத் தேடுவதை விட, இருக்கிற வைக்கோலில் எது குறைகிறது என்று கண்டு அதை நிரப்புவதே அவர் வழி. மாடு நக்கி நக்கிச் சிறிது சிறிதாகத் தழைச்சத்துப் பெறும் யூரியா மொலாசஸ் கட்டி அந்த வழியில் பரவியது. 1987இல் பிரெஸ்டன் என்ற விஞ்ஞானியும் அவரும் எழுதிய நூல், வெப்பமண்டல நாடுகளில் கையில் இருக்கும் தீவனத்துக்கு ஏற்ப மாடு வளர்ப்பை அமைப்பது பற்றியதுதான்.

வைக்கோலுக்கு ஊட்டமேற்றும் முறையும் உனக்குத் தெரியும்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 3 வாரம் வைப்பது. வேதியியலில் குறை இல்லை. ஆனாலும் எத்தனை தொழுவத்தில் இதைப் பார்த்திருக்கிறாய்? தார்ப்பாய்க்கும் யூரியாவுக்கும் காசு வேண்டும், தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும். இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டில் அந்தச் செலவு திரும்புமா என்று வீட்டுக்காரம்மா கணக்குப் போடுகிறார். கரைத்து வைத்த யூரியாத் தண்ணீரை மாடு குடித்தால் செத்துப்போகும் என்ற பயமும் இருக்கிறது. அது நியாயமான பயம். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோல் வயலிலேயே கட்டாகி லாரி ஏறிவிடுகிறது. நிலமில்லாத குடும்பம் அதை விலைக்கு வாங்குகிறது. அந்தக் குடும்பத்திடம் போய் கம்பு நேப்பியர் நடச் சொன்னால் எங்கே நடும்? நிலம் இருந்தாலும், தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அந்தப் புல் தேறாது. வரப்பில் அகத்தி, வாய்க்கால் ஓரத்தில் நீர்ப்புல், உளுந்து அடித்த பிறகு மிஞ்சும் பொட்டு ஆகியவற்றை முதலில் எடைபோடு.

நைலான் பையில் வைக்கோலைக் கட்டிப் பெருவயிற்றுக்குள் வைத்து எடுத்தால் எவ்வளவு செரிக்கும் என்று தெரியும். அந்தத் தீவனத்தை யார், எப்போது, எந்தக் காசில் போடுவார்கள் என்பது தொழுவத்தில்தான் தெரியும். இரண்டும் வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஈர வயலில் நத்தை இருக்கும். நத்தை இருந்தால் தட்டைப்புழு வரும். சாணத்தைச் சோதிக்காமல் மாட்டின் மெலிவுக்குத் தீவனத்தைக் குற்றம் சொல்லாதே. அடுத்து, கலப்பின ஜெர்சிக்கு எழுதிய தீவனப் பட்டியலை உம்பளச்சேரி மாட்டுக்கு நீட்டாதே. கொருக்கைப் பண்ணைக்குப் போய் அந்த இனத்தைப் பார். சேற்றில் உழைக்க வளர்த்த சின்ன உடம்பு அது, அதன் தேவையும் வேறு.

முதல் ஆண்டு ஒரே ஊரை எடுத்துக்கொள். மாதம் ஒருமுறை தராசோடு அதே தொழுவங்களுக்குப் போ. போட்டது எவ்வளவு, மீந்தது எவ்வளவு, கறந்தது எவ்வளவு என்று எழுது. எந்த மாதத்தில் தீவனப் பற்றாக்குறை பெரிதோ அந்த மாதத்துக்கு மட்டும் ஒரு தீர்வை அவர்கள் மாட்டிலேயே சோதி. முடிவை ஆய்விதழுக்கு எழுதுவதற்கு முன் அந்த வீட்டுக்காரம்மாவிடம் சொல்: எத்தனை லிட்டர் கூடியது, எத்தனை ரூபாய் செலவு, தினமும் எவ்வளவு நேரம் கூடுதல் வேலை. அடுத்த ஐப்பசியில் நீ சொல்லாமலே அவர் அதைத் திரும்பச் செய்கிறாரா என்று பார்த்த பிறகு, பரிந்துரை என்று எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்