நிவாரணப் பணமும் பெயர்ப் பட்டியலும்

வெள்ளம், வறட்சி, கொள்ளைநோய் முதலிய இடர்கள் நேருங்கால் அரசாங்கம் அளிக்கும் உதவிப் பணம் உரியவரை எவ்வாறு சேர்கிறது, எவ்விடத்தில் வழி தவறுகிறது என்பதே இம்மாதப் பாடம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. தறிக்கு நூல் வரத்தும், நெய்த துணிக்கு விற்பனையும் நின்றன. விளைந்ததை ஏற்றிச் செல்ல உழவருக்கு வண்டி கிடைப்பது அரிதாயிற்று. அக்காலத்தில் பணம் இரண்டு வழிகளில் வந்தது.

முதல் வழி, குடும்ப அட்டை. மாநில அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணைகளாக 4,000 ரூபாயும் நியாயவிலைக் கடைகளின் வாயிலாக வழங்கியது. நெசவாளி, கூலியாள், குத்தகைதாரர் என்ற வேறுபாடு இதில் இல்லை.

இரண்டாம் வழி, நிலம். 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் தரப்படுகிறது. 2020-21-ஆம் ஆண்டின் முதல் தவணையான 2,000 ரூபாயை ஏப்ரலிலேயே செலுத்துவதாக மத்திய அரசு மார்ச்சு 26-ஆம் நாள் அறிவித்தது. இது புதிய பணமன்று. வரவேண்டியதே முற்பட வந்தது. இத்தொகை நில உடைமையாளருக்கே உரியது. கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கத்தில் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர், வியர்வை சிந்தியும் இப்பட்டியலில் இடம் பெற இயலாது. தந்தை மறைந்த பின்னும் பட்டாவை மாற்றாதவர், நிலம் இருந்தும் பெயரின்றி நின்றார்.

உரியவர் வெளியே நிற்க, உரிமையற்றவர் உள்ளே புகுந்ததும் இதே காலத்தில்தான். விண்ணப்பதாரர் தாமே கணினியில் பதிவு செய்துகொள்ள அளிக்கப்பட்ட வசதியையும், அலுவலர்களின் கடவுச்சொல்லையும் சிலர் தவறாகப் பயன்படுத்தினர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்றோர் இலட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். முறைகேடு சுமார் 110 கோடி ரூபாய் என 2020 செப்டம்பரில் வெளியாயிற்று. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. கொரோனா நிவாரணம் என்று தரகர் சொன்னதை நம்பி ஆதார் எண்ணையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்த ஏழைகளும் அவர்களுள் இருந்தனர். கணக்கில் வந்த பணம் திரும்பப் பெறப்பட்டது. தரகனுக்குக் கொடுத்த கூலியோ திரும்பி வருவதன்று.

இவ்விரு குறைகளுக்கும் வேர் ஒன்றே. பட்டியல் கணினியில் இருந்தது. ஊரார் அதனைப் பார்க்கவில்லை. நம் சங்கத்தில் அங்கத்தினர் பதிவேட்டை யாரும் பார்வையிடலாம். வரவு செலவை மகாசபையில் படிக்கிறோம். அவ்வழக்கத்தை இங்கும் கொணர்தல் வேண்டும். கிசான் திட்டப் பயனாளிகளின் பெயர்கள் ஊர்வாரியாக அத்திட்டத்தின் இணையத்தளத்தில் உள்ளன. அவற்றைச் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படித்தால் விடுபட்டவரும் தெரிவர். பொய்ப் பெயரும் தெரியும்.

ஒவ்வோர் அங்கத்தினரும் செய்ய வேண்டுவன:

1. வாரிசுப் பட்டா மாற்றத்தை ஒத்திப் போடாதீர்.
2. வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்துள்ளதா என்று பாரும்.
3. கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்.
4. குத்தகைதாரர், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்துகொள்க. அதனால் இந்த 2,000 ரூபாய் வாராது; எனினும் உழுபவர் இன்னார் என்பதற்கு அதுவே சான்று.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

அ. நம் ஊரில் நிலமிருந்தும் பட்டியலில் இல்லாதவர் யாவர்?
ஆ. குத்தகைதாரருக்கும் நெசவாளருக்கும் எவ்வழியில் வரும் உதவி எளிதில் சேரும்?

அடுத்த இடர் எந்நாள் வருமென்று அறியோம். அது வருமுன் பெயர்களைச் சரிபார்த்து வைப்பது நம் கடமை.