படிக்க மட்டும்தானே, அதிலென்ன ஆபத்து?

பன்னிரண்டாம் வகுப்பிற்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். எஸ்கியூஎல் செய்முறைக்காக, வகுப்பு விவரங்கள் இருந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை இன்னொரு கணினியில் தானே புதுப்பித்துக்கொள்ளும் நகலாக அமைத்தேன். “இது படிக்க மட்டுமான நகல். எதையும் அழித்துவிட முடியாது, பயப்படாமல் பயிற்சி செய்யுங்கள்” என்று கூறி, கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன்.

பத்தே நிமிடத்தில் ஒரு மாணவி திரையைக் கையால் மறைத்தபடி அழைத்தாள். “சார், எங்க அப்பாவோட வருமானம்கூட இதுல தெரியுது.”

தவறு என்னுடையது. உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதையே அன்றைய பாடமாக்கினேன்.

“பொதுத்தேர்வு வினாத்தாளை யாராலும் திருத்த முடியாது, படிக்கத்தான் முடியும் என்று சொல்லி, முதல் நாளே மேசைமேல் வைக்கலாமா?” என்று கேட்டேன். சிரித்தார்கள். புரிந்துவிட்டது. மாற்ற முடியாததால் ஒரு தரவு இரகசியமாகிவிடாது.

பிறகு கீழ்க்கண்டவற்றைக் கலந்துரையாடினோம்.

1. யார், எதைப் படிக்கலாம்? பாடநூலில் உள்ள கிராண்ட், ரிவோக் கட்டளைகளின் பயன் இதுதான். முழு அட்டவணைக்கும் அனுமதி தராமல், தேவையான நெடுவரிசைகளுக்கு மட்டும் செலக்ட் உரிமை தரலாம்.

2. பூட்டு முழுமையானதா? மைஎஸ்கியூஎல்லில் ‘ரீட் ஒன்லி’ அமைப்பு சாதாரணப் பயனரை மட்டுமே தடுக்கும். ‘சூப்பர்’ உரிமை உள்ளவர் நகலிலும் எழுதலாம். அவரையும் தடுக்க ‘சூப்பர் ரீட் ஒன்லி’ வேண்டும்.

3. கடவுச்சொல் எங்கே? பயனர் கணக்குகளும் பொதுவாக நகலுக்குச் சென்றுவிடும். முதன்மைக் கணினியில் வலுவற்ற கடவுச்சொல் இருந்தால், நகலிலும் அதே ஓட்டைதான்.

4. வழியில் யார் கேட்கிறார்கள்? இரு கணினிகளுக்கும் இடையே செல்லும் தரவைக் குறியாக்கம் செய்ய வேண்டும்.

5. நகல் என்பது காப்பு நகலா? இல்லை. முதன்மையில் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் நகலுக்கு வந்து சேரும்.

மறுநாள், கற்பனைப் பெயர்களும் மதிப்பெண்களும் கொண்ட அட்டவணையை மாணவர்களே உருவாக்கினார்கள். இப்போது எங்கள் ஆய்வகத்தில் பயிற்சிக்கு அது மட்டும்தான். உண்மை விவரங்கள் தனிக் கணினியில், தனிக் கடவுச்சொல்லுடன் உள்ளன.

நண்பர்களே, உங்கள் ஆய்வகத்திலும் ஒருமுறை பாருங்கள். ‘படிக்க மட்டும்’ என்று நாம் திறந்து வைத்திருப்பது ஒரு குழந்தையின் வீட்டுக் கதவாக இருக்கலாம்.