பாட்டியின் அண்ணன் ஏறிய விமானம்

எங்கள் பாட்டியின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப்படையில் பின்னிருக்கைத் துப்பாக்கி வீரர். 1944-இல் பர்மாவின் அரக்கான் பக்கம் போன விமானம் திரும்பவில்லை. மாதனூர் வீட்டில் மிஞ்சியது ஒரு தந்தி. மடிப்பில் கிழிந்து, தேதியும் ஸ்குவாட்ரன் எண்ணும் மட்டும் படிக்கிற மாதிரி இருந்தது. தேடுவதற்கு அது போதும்.

இப்படித் தேடும் குடும்பங்கள் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம். நம் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இறந்த தேதியையும் விமானப்படையையும் கொடுத்துப் பாருங்கள். ஊரைக் குறிப்பிட்டிருந்தால் 'வட ஆற்காடு' என்றே இருக்கும். திருப்பத்தூர் மாவட்டம் 2019-இல் வந்ததுதானே. அந்தப் போரில் பர்மா பக்கம் உடல் கிடைக்காமல் போன விமானப்படையினரைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் தேட வேண்டும். 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே உண்டு. 1947-க்குப் பிந்திய போர் என்றால் டெல்லி தேசியப் போர் நினைவகம்.

எங்களுக்கு வழி திறந்தது இன்னொருவர் பெயரால். அரக்கானில் நமது 8-ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டிய வெஞ்சென்ஸ் குண்டுவீச்சு விமானத்தில் ஏறுவது இருவர் மட்டுமே. அதே தேதியில் பட்டியலில் இருந்த விமானியின் வீட்டாரைத் தேடிப் பிடித்தோம். படைத்தலைவர் எழுதிய கடிதம் அவர்களிடம் பத்திரமாக இருந்தது. எந்த மலைக்கு மேல் கடைசியாகப் பார்த்தார்கள் என்பதை அதில்தான் படித்தோம். பாட்டி உயிரோடு இருந்தபோது அது கிடைத்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

தாமதமானாலும் தேடலை விடாதீர்கள். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிக் காணாமல் போன ஏ.என்-32 விமானத்தின் சிதைவுகள், 2024 ஜனவரியில் வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் அடையாளம் தெரிந்தன.

நினைவுக்கல் வைப்பதென்றால் ஆம்பூர் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். பல்லவ நிருபதுங்கவர்மன் காலத்தவை. எந்த ஆட்சியாண்டு, எந்தச் சண்டை, இறந்தவன் யாருடைய ஆள்: விஷயம் மட்டும் இருக்கும், புகழ்மாலை இருக்காது. எங்கள் கல்லிலும் தேதி, ஸ்குவாட்ரன், இடம், ஒரே அளவு எழுத்தில் இருவர் பெயர். நம் ஆளை மட்டும் பொறிப்பது கூடப் பறந்தவருக்குச் செய்யும் அநியாயம். அவர் பெயரை எப்படி எழுதுவது என்று அந்தக் குடும்பத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே கல்தச்சரிடம் கொடுங்கள்.