'நன்றி' போட்டால் மட்டும் போதாது

ஊர்ச் செய்திகளுக்காகச் சின்னதாக இணையதளம் நடத்துகிறவர்கள் பலர், நாளிதழ்ச் செய்தியை அப்படியே எடுத்துப் போட்டு, அடியில் 'நன்றி' என்று பத்திரிகையின் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். அது மரியாதை; அனுமதி ஆகாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். நஷ்டஈடு கேட்டுத் தனியாக வழக்கும் போடலாம்.

முதலில் செய்தியையும் எழுத்தையும் பிரித்துப் பாருங்கள். வைகை அணையில் தண்ணீர் திறந்தது என்றைக்கு, எத்தனை கன அடி, எந்தெந்தப் பகுதிக்குப் பாசனம் என்ற தகவல்கள் யாருக்கும் சொந்தமல்ல. அணைக்கு நேரில் போன நிருபர் அதைக் கோத்துச் சொன்ன வரிகளுக்கு உரிமை உண்டு. நாலு வார்த்தையை மாற்றிப் போடுவது எழுதுவதாகாது. தகவலை மட்டும் குறித்துக்கொண்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு உங்கள் நடையில் எழுதுங்கள். அதைவிட நல்லது, மூலத்துக்கே போவது: மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் செய்திக்குறிப்பு, நீர்வளத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன். நீதிமன்றத் தீர்ப்பு என்றால், நீதிமன்றம் தடை விதிக்காதவரை அதன் மூலத்தையே வெளியிடச் சட்டம் இடம் தருகிறது.

மேற்கோள் காட்டலாமா? விமர்சனத்துக்கும் நடப்புச் செய்தியைச் சொல்லவும் நியாயமான அளவு எடுத்தாள 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. இத்தனை வரி என்று கணக்கு எதுவும் அதில் இல்லை. உங்கள் பக்கத்தைப் படித்தவருக்கு மூலச் செய்தியே தேவைப்படாது என்றால், நீங்கள் எடுத்தது அதிகம். தேவையான ஓரிரு வரி, உங்கள் கருத்து, மூலத்துக்கு லிங்க்: இது என் அளவுகோல்.

படங்களில் இன்னும் கவனம் வேண்டும். புகைப்படத்துக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. கூகுளில் கிடைத்தது என்பது பதிலாகாது. உங்கள் செல்போனில் எடுத்த சுமாரான படமே மேல்.

முழுக் கட்டுரையும் வேண்டுமென்றால் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். எந்தக் கட்டுரை, படத்துடனா, எவ்வளவு காலம் என்று தெளிவாக எழுதி, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். எழுதிய நிருபர் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது. வேலையின் பகுதியாக எழுதியதற்குப் பெரும்பாலும் பத்திரிகையே உரிமையாளர்.

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் கிடப்பில் போடாதீர்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தை உடனே நீக்குங்கள். உரிமை அவர்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். வக்கீலைப் பார்க்காமல் பணம் கட்டுவதோ, தவறை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதுவதோ வேண்டாம். நீக்கியதால் பழைய பொறுப்பு போய்விடாது. ஆனால் நோட்டீஸ் வந்த பிறகும் பக்கத்தை விட்டுவைத்தால், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியிருக்காது.

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், இன்றே உங்கள் தளத்தின் பழைய பக்கங்களைத் திறந்து பாருங்கள். யார் எடுத்தது என்று தெரியாத படங்களிலிருந்து நீக்கத் தொடங்குங்கள்.