இரவில் விழிக்கும் குழந்தை - மூளைக்குள் ஒரு கடிகாரம்



"பகலெல்லாம் தூங்குது, ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு அழுவுது!" கைக்குழந்தை உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. திருஷ்டி என்று மந்திரிக்கிறவர்கள் உண்டு. "புள்ளைய வளக்கத் தெரியலை" என்று தாயைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

கடிகாரம் எங்கே இருக்கிறது?

கண் நரம்புகள் இரண்டும் மூளையில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியை விடச் சிறிய இரண்டு நரம்புத் திரள்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 20,000 செல்கள். ஒவ்வொன்றும் ஒரு கடிகாரம்.

நடவு வயலில் ஒருவர் பாட்டெடுத்தால் எல்லார் கையும் ஒன்றுபோல் ஓடுமல்லவா? அந்தப் பாட்டைப் போல, செல்களை ஒத்து ஓட வைப்பவை 'நியூரோபெப்டைடு' என்னும் சிறு புரதத் துணுக்குகள். அவற்றுள் முக்கியமானது வி.ஐ.பி. என்பது. அது இல்லாத சுண்டெலிகள் பலவற்றில் தூக்கமும் விழிப்பும் முறைகெட்டன. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது இந்தக் கடிகாரம் நாள்தோறும் சரிசெய்யப்படுகிறது.

மதுரையில் கண்டது

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், வெளியுலக வெளிச்சமும் கடிகாரமும் இல்லாத அறையில் தன்னார்வலர்களைத் தங்க வைத்து ஆராய்ந்தனர். நேரமே தெரியாதபோதும் தூங்குவதும் விழிப்பதும் மாறி மாறி நடந்தன. ஆனால் 24 மணிக் கணக்கு தவறியது. அங்கு தங்கிய ஒரு பெண்ணின் தூக்கக் கணக்கு மாறியும், மாதவிலக்கு அதோடு சேர்ந்து மாறவில்லை என்று 1991-இல் வெளியிட்டனர்.

பிறந்த குழந்தைக்கு இந்தக் கடிகாரம் இன்னும் படியவில்லை. 2, 3 மாதத்தில்தான் இரவு பகல் பிடிபடத் தொடங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. காலையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பகலில் வீட்டில் பேச்சும் சத்தமும் இருக்கட்டும்.
2. இரவில் பால் கொடுக்க மங்கலான விளக்கே போதும். டி.வி., செல்போன் வேண்டாம்.
3. இரவில் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் இரவுப் பாலில்தான் அதிகம்.
4. தூங்க வைப்பதற்கென்று எந்த மருந்தும் கொடுக்காதீர்கள்.
5. கணவரே! பால் கொடுப்பதுதான் தாயின் வேலை. தோளில் போட்டுத் தட்டுவதும், ஈரத்துணி மாற்றுவதும் உங்களாலும் முடியும். பகலில் பிள்ளை தூங்கும்போது அவரும் தூங்கட்டும். உலை கொஞ்சம் தாமதமானால் குடி முழுகிப் போகாது.

உடனே கவனியுங்கள்

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராமல் மனம் சோர்ந்து அழுதுகொண்டே இருந்தாலோ, தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள்.

இரவைப் பங்கிட்டால் இல்லறம் இனிக்கும்!