மணிக்கூண்டில் ஒரு கல்



மரித்தோரின் மாதமாகிய நவம்பரில் கல்லறைத் தோட்டத்திலே பெயரெழுதிய சிலுவைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். இவ்வாரப் பாடம் பெயரெழுதாத ஒரு கல்லைப் பற்றியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை மார்க்கமாய் வேலூருக்குப் போகிறவர்கள், லாங் பஜார் தெருவில் பழைய மணிக்கூண்டைக் காணலாம். கடைத்தெரு நெரிசலில் நிமிர்ந்து பார்ப்பவர் சொற்பம். அதிலுள்ள கல் சொல்வது இவ்வளவே: இவ்வூரிலிருந்து 277 பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள்.

மகா யுத்தம் என்பது 1914-ல் தொடங்கிய முதல் உலக யுத்தம். 1918 நவம்பர் 11-ந் தேதி பீரங்கிகள் ஓய்ந்தன. அன்று, போர்ச்சேவகராயிருந்து பின்பு மேற்றிராணியாரான அர்ச். மார்த்தீன் திருநாள். இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டார்கள். போனவர் எல்லாரும் துப்பாக்கி பிடித்தவரல்ல. ரோடு போட்டவரும், மூட்டை சுமந்தவரும், கோவேறு கழுதை ஓட்டினவரும் அதில் உண்டு.

அந்தப் பதினான்கு பேர் யார்? கல் சொல்லவில்லை. கல்தச்சர் மறந்ததல்ல, இதே வாசகம் இந்தியாவில் பல ஊர்களில், எண் மாத்திரம் மாறி நிற்கிறது. ஈராக்கில் பாஸ்ராவுக்கென 1929-ல் திறந்த ஞாபகச் சின்னத்திலோ 40,000-க்கும் மேற்பட்டோர் நினைக்கப்படுகிறார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள். இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கோ, அவன் பட்டாளத்தின் கீழ் இத்தனை பேர் என்ற கணக்குத்தான்! அந்தஸ்து, இனம், மதம் பாராமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்று சட்டம் வைத்திருந்த யுத்தக் கல்லறைக் கமிஷனே இதைச் செய்தது. 2021-ல் அந்தக் கமிஷன் தானே விசாரித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் தாமதம், ஆனாலும் கேட்டார்கள். விட்டுப்போன பெயர்களைத் தேடிச் சேர்க்கும் வேலையையும் மேற்கொண்டார்கள்.

பெயர் வேறோரிடத்திலும் உண்டு. அந்த யுத்தத்துக்குப் போனவர்களுக்குக் கொடுத்த பதக்கத்தின் விளிம்பிலே அவரவர் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். படைவீரருக்குப் பெரும்பாலும் வெள்ளியில் கொடுத்தபடியால், கஷ்ட காலத்தில் எத்தனையோ பதக்கங்கள் உருக்குக்குப் போய்விட்டன. உங்கள் வீட்டுப் பெட்டியில், பாட்டனுக்குப் பாட்டன் காலத்துப் பதக்கம் ஏதும் கிடந்தால், தட்டானிடம் கொண்டுபோகுமுன் வெளிச்சத்தில் அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்.